கிழக்கே சாய்ந்த திரி

அப்போது மைசூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சர். வீட்டில் மின்சாரம் கிடையாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பரீட்சைத் தாள் திருத்துவேன். அந்த வாரம் வாங்கிய மெழுகுவர்த்தி ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக உருகி வழிந்து என் உயிரை எடுத்தது. ஜன்னலைச் சாத்தினேன். மேஜைக்காலுக்கு அட்டை வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தாள்களின் மேலேயே மெழுகு கொட்டியதும் பொறுமை போய்விட்டது.

மாதா கோவில் எதிரே மெழுகுவர்த்தி வார்த்து விற்பவரிடம் போய், பத்துப் பேர் முன்னால், "ஊரை ஏமாத்தறீங்களா?" என்று கத்தினேன்.

"சொல்ப இருங்க டீச்சரம்மா. வீட்ல ஏத்தற மாதிரியே இங்க ஒண்ணு ஏத்துங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

அகல்விளக்குக்குச் செய்வதுபோல் திரியைக் கிழக்குப் பார்த்துச் சாய்த்துவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தேன். ஆறு வயதிலிருந்து விளக்கேற்றிய கை. அவர் என் விரலையே பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது. கிழக்குப் பக்கம் மெழுகு வழியத் தொடங்கியது.

"என் திரியிலதான் கோளாறு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வேறு நாலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "திரியைத் தொடாதீங்கம்மா, அதுவே நேரா எரியும்" என்றார்.

பின்னால் நின்ற பெண்மணி, "அப்போ எனக்கு வேண்டாம்" என்று நகர்ந்தாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தெருவே கேட்கக் கத்தியவள், பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.