இழுப்பறையில் கிடந்த ராஜினாமா

ஆயர் இல்லத்து அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்பவளை எல்லோரும் டைப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர் 'ஆண்டவரே' என்று அழைக்கும் ஆயர் பதவியேற்ற வாரமே அவளும் வேலைக்குச் சேர்ந்தாள். ரொட்டிக்கடைக்காரர் மகன், பதினோரு வருடம் கணக்கு வாத்தியார், அப்புறம் பங்குச் சாமியார், நாற்பத்தொன்பது வயதில் ஆயர் என்று அவர் வாழ்க்கைக் குறிப்பை எத்தனை விழா மலர்களுக்கு அடித்துக் கொடுத்தாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

வாத்தியார் புத்தி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. எந்தக் கடிதத்தையும் வரிக்கு அடியில் மர ஸ்கேலை வைத்து இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு தேதி தப்பினாலும் பென்சிலில் வட்டம் போட்டுத் திரும்பி வரும். முதல் வருடம் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. போகப்போக, வட்டம் இல்லாமல் வந்தால் மனுஷருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட ஆரம்பித்தாள்.

எழுபத்தைந்து வயது முடிந்த ஆயர் ராஜினாமா எழுதி ரோமுக்கு அனுப்ப வேண்டும். உடனே ஏற்பதும் காக்க வைப்பதும் திருத்தந்தையின் விருப்பம். பிறந்தநாள் அன்று காலை, காபி ஆறுவதற்குள், அவர் சொல்லச் சொல்ல அவள் அந்தக் கடிதத்தை அடித்தாள். ஐந்தே வரி. அவர் முகத்திலோ பள்ளிக்கூடம் லீவு விட்ட சந்தோஷம். அதுதான் அவளைக் குடைந்தது. அப்படி என்ன அவசரம்? போய் என்னதான் செய்யப்போகிறார்?

"அது அப்ப பாத்துக்கலாம்மா" என்று மழுப்பிவிட்டார்.

கூரியருக்குப் போகவேண்டிய உறையை அவள் இழுப்பறையில் வைத்தாள். நாளைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த 'நாளை' நான்கு மாதமாகியும் வரவில்லை. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அந்த மனுஷர் இல்லாத அலுவலகத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தினமும் பதினோரு மணிக்கு அவர் கதவோரம் தலையை நீட்டுவார்.

"ரோம்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

"இன்னும் வரல ஆண்டவரே."

அது பொய் இல்லை. அதனாலேயே இன்னும் உறுத்தியது.

இதற்கிடையில் அவர் செய்வதெல்லாம் புதிராக இருந்தது. பெட்டி பெட்டியாகச் சாக்பீஸ் வாங்கினார். மூட்டுவலியோடு சுவரோரம் நின்று, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்தார். அவளுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

"சர்க்கஸ்ல சேரப் போறாரோ என்னவோ" என்றார் அவள் வீட்டுக்காரர்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை பேராலயத்துக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். சனிக்கிழமைகளில் வருகிறவர்கள் சொல்லும் பாவங்களை ஆயரே உட்கார்ந்து கேட்பார். வேறு சாமியாரிடம் போயிருக்கலாம். யாருக்குக் குற்றம் செய்தாளோ அவர் காதில் போட்டால்தான் மனசு ஆறும் என்று பட்டது. வலைத்தட்டியின் இந்தப் பக்கம் முழங்காலில் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அத எழுதின மனுஷன் என்ன நெனச்சிருந்தான் தெரியுமா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "கால் நிக்கிற வரைக்கும் ஆறாம் கிளாஸ் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கணும்னு. ரெண்டு வருஷம் தாங்கும்னார் டாக்டர். அதுல நாலு மாசம் போயிடுச்சு."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அனுப்ப வேண்டியத அனுப்பிடுங்கம்மா. அதான் பரிகாரம்" என்று சொல்லி மன்னிப்பு கொடுத்தார்.

அங்கே கேட்டதைப் பற்றிச் சாமியார் வெளியே மூச்சுவிடக் கூடாது. சொன்னவரிடமே பேச்செடுக்கக் கூடாது. தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளவும் கூடாது. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கதவோரம் அதே தலை நீண்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரோம்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சாம்மா?"

அதே குரல். ஒரு பிசிறு இல்லை.

"இன்னும் வரல ஆண்டவரே. கையெழுத்துக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கு."

அன்றைய தேதி போட்டுப் புதிதாக அடித்த அதே ஐந்து வரிகளை அவர் முன்னால் வைத்தாள். அவர் பழக்கதோஷத்தில் ஸ்கேலை எடுத்து முதல் வரிக்கு அடியில் வைத்தார். ஒரு நொடி அப்படியே இருந்தார். பிறகு ஸ்கேலைத் தள்ளி வைத்துவிட்டு, இருபத்தாறு வருடத்தில் முதல்தடவையாக, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"என்ன கடிதம்னு கேக்கலியே ஆண்டவரே?"

"நீங்க அடிச்சதுதானேம்மா."

அவள் உறையை அவர் கண்ணெதிரிலேயே ஒட்டினாள். ஆளை அனுப்பாமல் தானே கூரியர் கடைக்குக் கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மெதுவாவே போங்கம்மா. ஒண்ணும் அவசரமில்ல."

அவள் ஓடினாள்.