கீழ் வளைவு நண்டுகள்

அந்த நண்டின் முதுகில் மிளகு அளவுக்குப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. ராசம்மாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. இடது கொடுக்கு சின்னதாக, புதிதாய் முளைத்ததுபோல் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மூன்று நாளைக்கு முன்பு நாமகிரிப்பேட்டைச் சந்தையில் காலேஜ் டீச்சருக்கு விற்ற நண்டு இது. விற்ற நண்டு மறுபடி ஓடைக்கு எப்படி வந்தது?

ராசம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. போதமலையிலிருந்து இறங்கும் ஓடையிலும் வயல் வாய்க்கால்களிலும் நண்டு பிடித்து விற்பவள். சளி பிடித்தவர்கள் ரசம் வைக்கத் தேடி வருவார்கள். எந்தக் கல்லுக்கடியில் நண்டு கிடைக்கும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, கூடப் பிறந்தவளிடம்கூட. யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓடைக்குள் இறங்குவாள்.

அந்த டீச்சர் பெயர் உஷாராணி. சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். மார்கழி பிறந்ததிலிருந்து வாராவாரம் வந்து, உயிரோடு பன்னிரண்டு நண்டு கேட்டாள். எல்லாமே ஒரே இடத்தில் பிடித்ததாக இருக்க வேண்டும் என்றாள். ஊரே அறிந்த ஆழப் பள்ளமான மேல் மடுவை மட்டும் ராசம்மாள் சொன்னாள்; உஷாராணி அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். தின்பதற்கு வாங்குகிறவர்கள் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஓடையில் மீன், நண்டு பிடிக்கத் தடை போட கவர்மென்ட் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறாளோ என்று ராசம்மாள் முதலிலேயே நினைத்திருந்தாள். இப்போது இந்தப் பசை வேறு.

அடுத்த சந்தையில் அந்த நண்டை உஷாராணியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்கு என்ன மருந்து போட்டு ஓடைல உட்டீங்க?"

"மருந்து இல்லீங்க அக்கா. நண்டோட இதயத் துடிப்ப அளக்குறோம். முதுகுல ஒரு சின்ன சென்சார் ஒட்டணும், அதுக்கான பசை. அளந்து முடிச்சதும் அதோட எடத்துலயே திருப்பி உட்டுடுவோம்."

"நண்டுக்கு இதயமா?"

"நம்பலீன்னா நீங்களே வந்து பாருங்க."

பார்க்காமல் நம்புகிறவள் இல்லை ராசம்மாள். மறுநாளே சேலத்துக் கல்லூரிக்கு பஸ் ஏறிவிட்டாள்.

கண்ணாடித் தொட்டியில் ஒரு நண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. முதுகிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று கம்ப்யூட்டருக்குப் போயிற்று. திரையில் ஒரு கோடு ஏறி ஏறி இறங்கியது. உஷாராணி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினாள். சூடு ஏற ஏறக் கோடு நெருக்கமாகத் துள்ளியது. குளிர்ந்த நீரை விட்டதும் துள்ளல் தளர்ந்தது.

"நமக்கு ஒடம்புச் சூடு ஒரே மாதிரி இருக்கும். நண்டுக்கு அப்படி இல்ல. தண்ணி எவ்வளவு சூடோ, அதுவும் அவ்வளவு சூடு. சூடு கூடுனா இதயம் வேகமா அடிக்கும். அளவுக்கு மீறினா தடுமாறும்."

ராசம்மாள் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தாள். ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து சுவர் வரைக்கும் போனாள். ஏமாற்று எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் இத்தனை செலவு செய்து நண்டின் நெஞ்சை யாராவது சும்மா பார்ப்பார்களா என்ற கேள்வியோடுதான் ஊருக்குத் திரும்பினாள்.

தை பாதியில் உஷாராணியே அவள் வீடு தேடி வந்தாள். முகம் சரியில்லை.

"அக்கா, போன தடவை குடுத்த நண்டு எங்க புடிச்சது?"

"மேல் மடுவுலதானுங்க. எப்பவும் போல."

"இல்ல. அது மேல் மடு நண்டு இல்ல."

யாரோ தன்னைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தாள் ராசம்மாள். பக்கத்து வீட்டு ரங்கனாக இருக்கும், அவன்தான் எப்போதும் ஓடைப் பக்கம் ஆடு ஓட்டுவான்.

"எந்தப் பரதேசி உங்ககிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல. நண்டுதான் சொல்லுச்சு." உஷாராணி நோட்டைப் பிரித்தாள். "ஒரே சூட்டுத் தண்ணில வெச்சா, இதுவரைக்கும் நீங்க குடுத்ததெல்லாம் நிமிஷத்துக்குத் தொண்ணூறு தடவை அடிச்சுது. இந்தப் பன்னெண்டும் அறுபத்தஞ்சுதான். மத்ததெல்லாம் தடுமாறுற சூட்டுல இதுங்க அசையாம ஒக்காந்திருக்குது. வெந்நீருல இருந்து பழகுன நண்டுதான் இப்படி இருக்கும். யார்கிட்டயோ வாங்கி எனக்குக் குடுத்திருக்கீங்க."

வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னது ராசம்மாளைச் சுட்டது. பொய் சொன்னது உண்மை. ஆனால் பிடித்தது அவள் கைதான். மேல் மடு வற்றிக்கொண்டிருந்ததால், அரை மைல் தூரம் கீழே, முள் அடர்ந்த வளைவில் பிடித்திருந்தாள். அந்த இடம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து பழைய பேரையே சொல்லிவிட்டாள்.

"எங்கையால புடிச்சதுங்க. எடத்த மட்டும் மாத்திச் சொன்னேன்," என்றாள். "நாளைக்கு வெடியறப்ப வாங்க. காட்டுறேன். ஆனா ஒண்டியா வரோணும்."

விடிந்தும் விடியாத வேளையில் இருவரும் ஓடையில் இறங்கினார்கள். மேல் மடுவில் உஷாராணி தெர்மாமீட்டரை விட்டாள். இருபத்தொரு டிகிரி. தண்ணீர் கைக்குச் சில்லென்றிருந்தது. கீழ் வளைவுக்கு வந்து மறுபடி விட்டாள். முப்பத்திரண்டு. மீண்டும் ஒரு முறை பார்த்தாள். அதேதான். தண்ணீர்மேல் லேசாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

ராசம்மாள் எப்போதும் ஒன்பது மணிக்கு மேல்தான் இங்கே வருவாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது வெயிலால் என்று நினைத்திருந்தாள். இப்போது வெயிலே இல்லை. அவள் குனிந்து காலால் துழாவிக்கொண்டே போனாள். சூடு கூடிய பக்கமாகப் போய், சீமைக்கருவேல முள்ளை விலக்கினாள். கறுப்புக் குழாய் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதிலிருந்து புழுங்கல் வாடையோடு வெந்நீர் கொட்டியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது நெல் அவிக்கும் ஆலை ஒன்று.

"இதுக்குத்தான் வந்தீங்களா? கொழாய யாராச்சும் கண்டுட்டாங்களான்னு ஆலைக்காரனுக்காக வேவு பாக்கவா?" என்றாள் ராசம்மாள் சட்டென்று.

"எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றாள் உஷாராணி. "வெடியறப்ப தொறந்துவுட்டு, ஆளுங்க வர்றதுக்குள்ள அடைச்சிடுறாங்க போல."

ஆலைக்குப் போனபோது மேனேஜர் தனசேகர் நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார். ராசம்மாள் காபியைத் தொடவில்லை.

"எங்க தண்ணி இல்லீங்க. வெயில்ல ஓடை சுடும்," என்றார் மேனேஜர்.

"மார்கழி, தை வெடியக்காலத்துல என்ன வெயிலுங்க?" என்று ராசம்மாள் கேட்டதும் அவர் காபி டம்ளரை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினார்.

கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதினாள் உஷாராணி. கையெழுத்து கேட்டபோது ராசம்மாள் பேனாவை வாங்கவில்லை. அரசாங்கத் தொகுப்பு வீட்டுக்கு என்று கொழுந்தன் நீட்டிய காகிதத்தில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டு, அரை ஏக்கர் நிலத்தை இழந்தவள் அவள். மனுவை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு ஊரில் படித்த தமிழ்ச்செல்வியைக் கூட்டி வந்து நான்காவது முறையும் வாசிக்க வைத்தாள். இரண்டு பேர் வாசித்ததும் ஒன்றாக இருந்த பிறகே கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரிகள் இரண்டு முறை வந்தபோதும் குழாய் காய்ந்து கிடந்தது. மூன்றாவது முறை, ராசம்மாள் சொன்ன நேரத்துக்கு, விடியுமுன் வந்தார்கள்; குழாயில் வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. வைகாசியில் ஆலைக்காரர்கள் உள்ளேயே வெந்நீரை ஆறவைக்கும் தொட்டி கட்டினார்கள், குழாயைப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பள்ளத்தை அவள் கடப்பாறையால் குத்திப் பார்த்து, வேறு குழாய் இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

வளைவின் தண்ணீர் குளிர்ந்த பிறகு அந்த நண்டுகளின் துடிப்பு மாறுமா என்று உஷாராணி பார்க்க விரும்பினாள். மாதம் ஒரு முறை வருகிறாள். ராசம்மாள் பிடித்துக் கொடுக்கிறாள், இடத்தையும் சரியாகவே சொல்கிறாள். திருப்பி விடும்போது மட்டும் கரையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். போன மாதம் பதினொன்றுதான் இருந்தது.

"ஒண்ணு எங்கீங்க, அம்மிணி?"

"தொட்டிலேயே பழைய ஓட்டக் கழட்டித் தோலுரிச்சுட்டிருக்குதுங்க அக்கா. புது ஓடு இறுகுனதும் கொண்டாந்து உட்டுடறேன்."

"எப்ப வாரீங்க? நானும் இருக்கோணும்," என்றாள் ராசம்மாள்.