அத்தை கேட்க வந்த கேள்வி

நான் யாரையும் ஏமாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆம்பூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். நர்சு படிப்பை முடித்ததும் திரும்பி வருவேன் என்று நான் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவளிடம், வீட்டுக்குத் திரும்பி வந்துவிடு என்று யாராவது சொல்லி அனுப்புவார்களா? என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

எங்கள் தெரு ஆண்களுக்கெல்லாம் தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில்தான் வேலை. பெண்கள் தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டையை இடித்துக் கொடுப்பார்கள். துவைத்த துணியிலும் அந்த வாடை போகாது. நாங்கள் பஜாருக்குள் நுழைந்தால் கடைக்காரர் தண்ணீர்ச் சொம்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். வாடைக்காக மட்டும் வைத்தார் என்று நினைக்கிற அளவுக்கு நான் அசடு இல்லை.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்கள் பக்கத்து வீடு. அவளுக்கு ஒரே மகள். தலைப்பிரசவத்தில் அந்த மகளுக்குப் பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. தெருவில் இருந்த மருத்துவச்சி கையை விரித்தபிறகு வேலூருக்கு மாட்டுவண்டி கட்டினார்கள். பள்ளிகொண்டா வருவதற்குள் வண்டியிலேயே உயிர் போய்விட்டது. அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் அத்தை எழுந்து நின்றாள். “நம்ம தெருவுக்குன்னு படிச்ச நர்சு ஒருத்தி வேணும். நம்ம வூட்டுப் பொண்ணா இருக்கணும்” என்றாள். கோயிலில் பெண் எழுந்து பேசுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஆராதனை நடத்திய உபதேசியார் கூட அவளை உட்காரச் சொல்லவில்லை.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு சட்டியில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அதை விற்று வருகிற காசு கோயில் செலவுக்குப் போகும். அந்த வருஷம் முதல் அது எனக்குப் போனது. மிஷன் பள்ளியில் படித்தவள், இன்னும் நிச்சயம் ஆகாதவள் என்று தேடியபோது நான்தான் அகப்பட்டேன். கஞ்சிக்கே இழுபறியாக இருந்த வீடுகளிலிருந்து வந்த அரிசி அது. வேலூரில் நான் உடுத்திய வெள்ளைச் சேலை, போட்டுக்கொண்ட செருப்பு எல்லாம் அதில்தான் வந்தன.

படிப்பு முடிந்த சமயத்தில், மரக்காணத்துக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் ஒரு ஊருக்குப் பிரசவம் பார்க்க ஆள் வேண்டும் என்று ஜில்லா போர்டிலிருந்து கேட்டிருந்தார்கள். எங்களுக்குப் பாடம் சொன்ன துரைசானி டாக்டரம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்து, யார் போகிறீர்கள் என்றார். பாம்பும் உப்புக்காற்றும் உள்ள இடம் என்று எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். “கொஞ்ச நாள்தான்” என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் என்பது வாக்கு ஆகுமா?

அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. இதைச் சொல்லத்தான் இத்தனை வருஷமாகக் கூசுகிறேன். எந்த ஊர் என்று கேட்டார்கள், வேலூர்ப் பக்கம் என்றேன், அதோடு விட்டுவிட்டார்கள். ஊரே மீன் வாடை அடித்ததால் என் பெட்டியில் மிச்சமிருந்த வாடை யார் மூக்கிலும் ஏறவில்லை. கட்டுமரக்காரர் வீடானாலும் சரி, உப்பளக்காரர் வீடானாலும் சரி, நர்சம்மா வருகிறார் என்று முன்வாசலில் பாய் விரித்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா வந்தால் அதில் ஒரு துண்டு எனக்கும் வந்துவிடும். அதைச் சுவைத்துச் சாப்பிடும்போது ஊர் ஞாபகம் வரும், வந்த வேகத்தில் அதைத் துரத்திவிடுவேன்.

இப்படியே நாலைந்து வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் மதியம் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அத்தை இறங்கினாள். கூடவே எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பதினாறு பதினேழு வயது இருக்கும். காட்பாடியில் ரயில் மாறி, விழுப்புரத்தில் மாறி, திண்டிவனத்தில் இறங்கி வண்டி பிடித்து வந்திருக்கிறார்கள். காட்பாடியைத் தாண்டியே அறியாத அத்தை! திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, பதிலுக்கு என்ன பேசலாம் என்று மனசுக்குள் தயாராகிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அத்தை திட்டவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். அந்தப் பெண் மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தாள். கடலைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். சேலை நனைகிறதே என்ற கவலையே இல்லாமல் அலைக்குள் இறங்கி நின்றுகொண்டாள். “நான் படிச்சு முடிச்சா என்னையும் இந்த மாதிரி ஊருக்கு அனுப்புவாங்களாக்கா?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அடுத்துப் படிக்கப் போகிறவள் இவள்.

சாயங்காலம் அவள் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அத்தை என்னை எதிரே உட்காரச் சொன்னாள்.

“நான் சண்டைக்கு வரல. ஒன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“இன்னா அத்தை?”

“போன மழையில பிரசவத்துல ஒருத்தி செத்துப் பூட்டா. பொங்கலுக்கு முன்னால இன்னொருத்தி. இந்தப் பொண்ணை அனுப்பலாம்னு நான் சொல்றேன். மொதல்ல போனவளே வரல, இவ மட்டும் வருவாளான்னு தெருவுல கேக்குறாங்க. நீ வந்துட்டா அந்தப் பேச்சு அடங்கிடும். வர்றியா, மாட்டியா?”

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு வந்தது. மகளைப் பறிகொடுத்தவளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது பாவம் என்று பட்டது. உண்மையைச் சொல்லிவிட்டால் என் கணக்கு நேராகிவிடும் என்ற ஆசையும் இருந்தது.

“வரமாட்டேன் அத்தை. அங்க வந்தா நான் தோல் ஷாப் தெருப் பொண்ணு. பஜார்ல பிரசவத்துக்குக் கூப்ட்டாகூட பின்வாசல்ல நிக்க வெப்பாங்க. இங்க முன்வாசல்ல பாய் போடுறாங்க. என்னால மறுபடி அங்க வந்து நிக்க முடியாது.”

அத்தை கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “நெஜத்தைச் சொன்ன. நல்லதாப் போச்சு” என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்: “அப்போ இவளுக்கு நிச்சயம் பண்ணிட்டுத்தான் அனுப்பணும்.”

அத்தையின் மனசில் மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவன், பெண்டாட்டியை இழந்தவன், இரண்டு பிள்ளைகள். தெருவை விட்டு எங்கும் நகரமாட்டான், அதனால் அவளும் நகரமுடியாது. நான் கத்தினேன். அது அநியாயம் என்றேன், அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டாயா என்றேன். “இதுல நீ பேச இன்னா இருக்குது?” என்றாள் அத்தை. அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. நான் எழுந்துபோய் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. காலையில் வண்டி ஏறும்போதும் அவள் கடல் பக்கம் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை.

நிச்சயம் நடந்தது. வேலூரில் படித்தாள். ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, எங்கள் தெருவுக்கு நர்சாக இருந்தாள். அதற்குப் பிறகு வண்டியில் வைத்து யாரையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கவில்லை என்று அப்பா ஒவ்வொரு கடுதாசியிலும் எழுதுவார். நல்லதுதானே நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்ட அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

அப்பா இறந்தபோது ஆம்பூர் போனேன். அத்தை அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். துக்கம் விசாரிக்க அந்தப் பெண் வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் பிரசவப் பை, கண்ணுக்குக் கீழே கருப்பு. தெருவே அவளுக்கு வழிவிட்டது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

“என்னை மன்னிச்சுடும்மா. அன்னைக்கி அத்தைகிட்ட என்னால பொய் சொல்ல முடியல” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நீங்க வராமலேகூட இருந்திருக்கலாம். அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள நானும் படிச்சு முடிச்சிட்டு, உங்களை மாதிரி ஒரு ஊருக்குப் போயிருப்பேன்.”