லிங்கராஜபுரத்து மாடியில் ஒரு பாய்மரம்

மல்லேஸ்வரத்தில் ஒரு காபிக் கடைக்கு வெயில் மறைப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தேன். ஏணியின் மேல் நிற்கும்போது போன் அடித்தது. ஸ்டெல்லா அக்காவின் மகள் அனிதா. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். முந்தின வியாழக்கிழமை நூல் விஷயமாக என்னோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவர் செத்துப் போவார் என்று எவனுக்குத் தோன்றும்? காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். கடைக்காரர் என் கையைப் பிடித்து இறக்கி, தண்ணீர் கொடுத்தார்.

லிங்கராஜபுரம் பட்டறையில் பதினாறு வருடம் நான் துணி வெட்டினேன், அக்கா தைத்தார். கடை மறைப்பு, லாரித் தார்ப்பாய், கார் உறை என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில், முதலாளி ஒரு நாள் படகுப் பாய் தைக்கும் வேலையைப் பிடித்து வந்தார். ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "கடலே இல்லாத ஊர்ல கப்பலுக்குப் பாயா?" அக்காவிடம் போய்ச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்: "இந்த ஊர்ல ராக்கெட் செய்றவங்க எல்லாம் நிலாவுக்குப் போயிட்டா வந்தாங்க? போய் உன் மச்சானைக் கேளு."

சாதாரணப் பாய் சிலவற்றைத் தைத்துப் பழகிய பிறகுதான் அந்தப் பாய் வந்தது. சென்னையில் ஒரு படகு. ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர் ஒருவருடையது. அந்தப் படகின் பெரிய பாயை மடித்துக் கட்ட வேண்டியதில்லை. பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டு போய்விடும். கடை ஷட்டரை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் எப்படியோ அப்படி. அலுமினியப் பாய்மரத்தின் உள்ளே குழல். குழலுக்குள் மேலிருந்து கீழ்வரை ஒரு தண்டு. பாயின் ஓரம் அந்தத் தண்டின் பள்ளத்தில் ஏறியிருக்கும். ஒரு கயிற்றை இழுத்தால் தண்டு சுற்றிப் பாய் உள்ளே போகும், இன்னொன்றை இழுத்தால் வெளியே விரியும். பாய் போகிற வாய் இரண்டு விரல் அகலம்தான். தையல் கொஞ்சம் தடித்தாலும் அங்கே சிக்கும். அக்கா ஒவ்வொரு தையலையும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓட்டிப் பார்ப்பார். உறுத்தினால் பிரித்துவிடுவார். எத்தனை கஜமானாலும் பிரித்துவிடுவார்.

தைத்ததைச் சோதிக்க, படகிலிருந்து கழற்றி அனுப்பிய பாய்மரத்தைப் பட்டறை மாடியில் நட்டேன். நான்கு பக்கமும் கயிறு கட்டி, அடியைப் போல்ட்டு போட்டு இறுக்கினேன். தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர், "ஏன்ரீ ஸ்டெல்லா, மொபைல் டவரா?" என்று கன்னடம் கலந்து கத்தினார். மாதா கோயில் பாட்டுக்குழுப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, இந்த வருஷம் கொடியேத்தம் உங்க மாடியிலயா?" என்று கேட்டாள். "ஆமா, நீ மேல ஏறி மணி அடி" என்றார் அக்கா. பாயை ஏற்றினோம். விரித்தோம், சுருட்டினோம், மறுபடி விரித்தோம். ஒரு வாரம் மாலை மாலையாகச் செய்தோம். வெண்ணெயாக உள்ளே போனது.

சென்னையில், பாய்மரத்தைத் திரும்பப் படகில் நட்ட பிறகு, துறைமுகத்துக்கு வெளியே படகில் வைத்துப் பாயை ஏற்றினோம். பாயின் உச்சி மூலையைக் கயிற்றில் கட்டி நான் இழுக்க, ஓரம் பிசகாமல் பள்ளத்துக்குள் போகும்படி அக்கா விரலால் ஊட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். பின் மூலையை இழுகயிற்றில் கட்டினோம். விரித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். "சரி, இப்ப சுருட்டுங்க" என்றார் படகுக்காரர். சுருட்டினேன். பாதியில் நின்றது. பலமாக இழுத்தேன். வாயருகே பாய் கசங்கி இறுகிக்கொண்டது.

அங்கே ஐந்து பேர் இருந்தார்கள். படகுக்காரர், அவரோடு வந்த நண்பர்கள் இருவர், பாய் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர், படகோட்டி. ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. "தையல் தடிச்சுப் போச்சு சார். தையல்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகின் அந்த ஆட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, எட்டின தையலையெல்லாம் விரலால் ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து பாய்மரத்தின் வாயைப் பார்த்தார். படகோட்டியிடம் கேட்டார்: "அண்ணா, காத்து எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல இருந்துமா."

"எங்க மாடியில எப்பவும் ரைட்லதான் அடிக்கும். மேற்குக் காத்து. படகைத் திருப்புங்க, காத்து ரைட்டுக்கு வரட்டும்."

படகோட்டி திருப்பினார். பாயை முதலில் முழுதும் வெளியே விடச் சொன்னார் அக்கா. பிறகு பின்மூலைக் கயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டே சுருட்டச் சொன்னார். ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளே போய்விட்டது. தண்டு சுற்றும் திசைக்கு ஒரு பக்கக் காற்றுதான் ஒத்துவரும். மறுபக்கக் காற்று பாயை வாயின் விளிம்பில் மடக்கி அழுத்தும். இந்த வகைப் பாயில் பழகியவனுக்கு இது பாலபாடம்; அந்தப் படகில் எல்லோருக்குமே அது புதிது. நான் மாடியில் ஒரே பக்கமாகப் போல்ட்டு போட்டு, ஒரே காற்றில் சோதித்துவிட்டு மார்தட்டியவன்.

ரயிலில் திரும்பினோம். காட்பாடியில் இறங்கி ஓடிப்போய் சூடாக வடை வாங்கி வந்து நீட்டினேன். தின்றார். கையைத் துடைத்துக்கொண்டார். "வடை நல்லாத்தான் இருக்கு முருகேசு. ஆனா தையல்ல கோளாறுன்னு அஞ்சு பேர்கிட்ட சொன்னே. தையல் சரின்னு யார்கிட்டயும் சொல்லல."

"பாய் உள்ள போனதை அவங்களே பார்த்தாங்களேக்கா."

"பார்த்தது மறந்துடும். சொன்னது நிக்கும். அஞ்சு பேர்கிட்டயும் நீ சொல்லணும்."

அவர் சொன்னதுதான் நடந்தது. அந்த வியாபாரி அடுத்த பாய்க்கு, "வேற யாராவது தைக்கட்டும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அது அக்கா காதுக்கும் போனது. அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அப்போதுகூட நான் போனை எடுத்தேனா? இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வீம்பு. வேறென்ன? ஒரு வருடம் கழித்துத்தான் படகுக்காரருக்கும் படகோட்டிக்கும் போன் போட்டு, அக்கா முன்னாலேயே சொன்னேன். "இன்னும் மூணு பேர்" என்றார். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. டப்பாவைத் திறந்து எனக்கும் சேர்த்து மீன் குழம்பு ஊற்றினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வியாபாரிக்கு போன் செய்தேன். "தப்பு நான் பாய்மரத்தை ஒரே பக்கமா நட்டுச் சோதிச்சதுல சார். அவங்க தையல்ல ஒரு குறையும் இல்ல." அவர், "இதை அந்தம்மா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம். அழுதேன். போனை வைக்கும் முன் அவரே, "அதே மாதிரி தைக்க ஆள் இருந்தா இன்னொரு பாய் வேணும்" என்றார். இருக்கிறார். அக்காவுக்குப் பக்கத்து மிஷினில் பத்து வருடம் தைத்த ரெஹானா இப்போது அதைத் தைக்கிறார், கண்ணை மூடி விரலால் ஓட்டிப் பார்த்து. பாய்மரத்தை இப்போது இரண்டு பக்கமும் திருப்பி வைத்துச் சோதிக்கிறேன். ரெஹானா கீழே நின்று, "முருகேசு பாய், அந்தப் பக்கமும் பாருங்க" என்று விரட்டுகிறார்.

நான்காவது ஆளான நண்பரிடமும் சொல்லியாயிற்று. மிச்சம் ஒருவர். அவர் யாரோ ஒரு நண்பரின் நண்பராம். ஒரே ஒரு நாள் படகில் வந்தவர். பெயர் படகுக்காரருக்கே நினைவில்லை. வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார், உயரமானவர், சென்னைக்காரர்போலப் பேசினார். ஸ்டெல்லா அக்கா என் பொறுப்பில் விட்டுப் போனது இப்போது அந்த ஒரு மனிதர்தான். தேடிக்கொண்டிருக்கிறேன், கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு முன்னால் உங்களில் யாராவது அவரைப் பார்த்தால், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: தையல் சரியாகத்தான் இருந்தது. தப்பு முருகேசனுடையது.