வீட்டுக்கு ஒரு குடம்

சீயக்காய் வாசம் எங்கே வந்தாலும், கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் இருந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட எங்கள் லைன் வீடுகளுக்குப் போய்விடுகிறேன். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த அந்தக் காலத்தில், அங்கே ஒரு பெண் இறந்தால், உடலைக் குளிப்பாட்ட வீட்டுக்கு ஒரு குடமாக நீர்மாலைத் தண்ணீர் வந்து இறங்கும். குளிப்பாட்ட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் சேலையைத் திரையாகப் பிடித்திருக்க, சீயக்காய் கண்ணில் இறங்கிவிடாதபடி இறந்தவரின் நெற்றியில் கையை அணைத்துக்கொண்டு தலையை அலசுவாள். தீப்பெட்டி ஒட்டிய பசை காய்ந்திருக்கும் நகங்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள்.

இறந்துபோன கடைசி வீட்டு ஆச்சிக்கு அவர் மகளே நடுவகிடு எடுத்தபோது, அம்மா சீப்பை வாங்கிக்கொண்டாள்.

"இவிய கோண வகிடுல்லா எடுப்பாவ. ஆளு மாறித் தெரியுதுல்லா, தாயி."

போன வருஷம் அம்மா இறந்தாள். ஆளுக்கொரு தெருவுக்குக் குடிபோயிருந்த லைன் வீட்டுப் பெண்கள், சொல்லி அனுப்பாமலே ஆளுக்கொரு குடத்தோடு வந்து நின்றார்கள். சீயக்காயைக் கரைத்துக்கொண்டு நான் முதல் செம்பை மொண்டபோது ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, இரு. பச்சத்தண்ணி அவியளுக்கு ஆகாதுல்லா."

முற்றத்தில் வெந்நீர் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது.