தாய்மார் அறையில் நான்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நான் பெங்களூரில், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே ஜோகுபாளையத்தில் ஒரு பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தேன். சொந்த ஊர் குடியாத்தம். கல்யாணம் ஆகவில்லை. இன்னும் ஆகவில்லை, அதுவும் இந்த அனுபவத்தில் சேர்ந்ததுதான்.

கல்லூரி நாளிலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பிக்கும். பிறகு வெளிச்சம் ஆகாது, வாசனை ஆகாது, யாராவது நாற்காலியை இழுத்தால்கூட ஆகாது. வாந்தி எடுத்து, இருட்டில் அசையாமல் படுத்தால்தான் மெல்ல இறங்கும். இந்த நோயில் ஒரு வசதி, ஊரில் எல்லாருமே இதற்கு டாக்டர். காபி குடி என்பார்கள், காபியை விடு என்பார்கள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு என்பார்கள். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்பது அம்மாவின் தீர்ப்பு. தலைவலி என்று வெளியில் மூச்சு விடாதே, தெரிந்தால் கல்யாணமே ஆகாது என்பதும் அதே அம்மாதான். இரண்டையும் ஒரே போன் காலில் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே மறைத்தேன். எங்கள் மாடியின் கோடியில் தாய்மார்களுக்கென்று ஓர் அறை இருந்தது. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்கள் தாய்ப்பால் எடுத்து வைப்பதற்காக ஒரு சாய்வு சோபா, சின்ன ஃப்ரிட்ஜ், உள்பக்கம் தாழ்ப்பாள். ஜன்னல் கிடையாது. அந்தச் சமயத்தில் கைக்குழந்தைக்காரிகள் யாரும் எங்கள் மாடியில் இல்லாததால் அறை சும்மாவே கிடந்தது. வலி வந்தால் பாத்ரூமில் வாந்தி எடுத்து, முகம் கழுவி, மாத்திரை போட்டுக்கொண்டு அங்கே போய் விளக்கை அணைத்துப் படுத்துவிடுவேன். கொஞ்சம் தெளிந்ததும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் வேலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பையனின் தாய்மாமா எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் வேலை செய்தார். பெண் எப்படி என்று எங்கள் ஆபீஸில் விசாரிப்பார்கள், ஜாக்கிரதை என்று அம்மா தினமும் போன் பண்ணினாள். அந்தக் கவலையிலேயே வலி அடிக்கடி வர ஆரம்பித்தது. நானும் மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மதியம் அந்த அறையில் படுத்திருக்கும்போது கதவு தட்டும் சத்தம். பேசாமல் இருந்தால் போய்விடுவார்கள் என்று கிடந்தேன். போகவில்லை. "யாரு ஒளகே?" என்று, உள்ளே யார் எனக் கன்னடத்தில் கேட்டது ஒரு பெண் குரல். மறுபடி தட்டல். ஒவ்வொரு தட்டும் நேராக மண்டைக்குள் விழுந்தது. தாங்க முடியாமல் எழுந்து தாழ்ப்பாளை விலக்கினேன்.

தோளில் கறுப்புப் பை, மார்பின் குறுக்கே இறுக்கிப் பிடித்த துப்பட்டா. பிரசவ விடுப்பு முடிந்து அந்த வாரம்தான் திரும்பியிருந்தவள், வேறு டீம். துப்பட்டாவையும் மீறி குர்த்தா நனைந்திருந்தது. கையோடு விளக்கைப் போட்டாள். அவ்வளவுதான். கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த நான், அப்படியே குப்பைக்கூடையை இழுத்து வாந்தி எடுத்தேன்.

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டாள்.

"எத்தன மாசம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பேஜாரு பண்ணிக்காதீங்க. ஃப்ளோர்ல எல்லாம் பேசிக்கிறாங்க. கல்யாணம் ஆவாத பொண்ணு, அடிக்கடி வாந்தி எடுக்குது, இந்த ரூம்ல போயி பூட்டிக்கினு படுத்துக்குதுன்னு. நான் நம்பல. இப்போ..."

"தலைவலிங்க," என்றேன். "மைக்ரேன்."

"வெறும் தலவலியா?"

சிரிப்பு வந்துவிட்டது. அந்த வலியில் சிரிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஹவுஸ்கீப்பிங் அக்கா சில வாரங்களாக யாருக்கும் தெரியாமல் என் மேஜையில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. பக்கத்துக் கட்டடத்துத் தாய்மாமாவும் நினைவுக்கு வந்தார். தலைவலி போய் திருகுவலி வந்தது என்று சொல்வார்களே, எனக்குத் தலைவலி போகாமலே அதுவும் வந்துவிட்டது.

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள். "படுங்க. எனக்கும் இதுக்கு மேல தாங்காது, பால் கட்டிக்கும். நான் இருட்டுலயே பண்ணிக்கிறேன். மோட்டார் சத்தம் வரும், பரவால்லயா?" என்றாள். பால் எடுக்கும் பம்ப்பை ஏதோ துணியில் சுற்றியிருக்க வேண்டும், சத்தம் மந்தமாகத்தான் வந்தது. அந்த இருட்டில் ஒருத்தி பால் எடுத்துக்கொண்டும் ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டும் கிடந்தோம்.

அவள் பெங்களூரிலேயே தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்துக்காரி. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பால் எடுக்கப் போகிறேன் என்று ஆம்பிளை மேனேஜரிடம் சொல்ல வெட்கப்பட்டு, மீட்டிங் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தாளாம். மீட்டிங் நடுவிலேயே குர்த்தா நனைந்துவிட்டது. மறுநாள் நேராகப் போய்ச் சொன்னாளாம். "அவரு செவுத்தப் பாத்துக்கினே சரி சரின்னாரு. அவ்ளோதான். சும்னே பயந்துட்டேன்." பிறகு அவள் சொன்னதை என்னால் மறக்கவே முடியாது. "நீங்க தலவலின்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டுக்கினு, புள்ளத்தாச்சின்னு பேரு வாங்கிட்டீங்க."

மறுநாள் என் மேனேஜரிடம் போனேன். தலைவலி விஷயத்தைச் சொன்னேன். "எனக்கும் வருமே, ஒரு டீ குடிச்சா போயிடும்," என்றார். வாந்தி, வெளிச்சம், இருட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். சரி, என்ன வேண்டும் என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், என் சீட்டுக்கு மேலே இருக்கும் ட்யூப் லைட்டைக் கழற்றிவிடுங்கள் என்று. அன்று மாலையே கழற்றிவிட்டார்கள். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று என் மேலேயே கோபம் வந்தது. ஓய்வெடுக்க ஓர் இடம் கேட்டு நானும் அவளுமாக எழுதிக் கொடுத்தோம். பழைய மானிட்டர்கள் அடைந்து கிடந்த ஒரு சின்ன அறையைக் காலி செய்து கட்டில் போட்டுத் தந்தார்கள். வதந்தியை அவளே கேன்டீனில் எல்லார் காதிலும் விழும்படி, கன்னடத்திலும் தமிழிலும் முடித்து வைத்தாள். எலுமிச்சம்பழ அக்காவுக்குத்தான் பெரிய ஏமாற்றம்.

மிச்சம் இருந்தது வரன். பையனிடம் நானே போனில் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "டெய்லி வருமா?" என்று மட்டும் கேட்டார். பத்து நாள் கழித்து, இன்னொரு ஜோசியரிடம் பார்த்தோம், ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, அவரை எனக்குப் பிடித்திருந்தது. அழுதால் தலைவலி வரும் என்பதால் அழுகையைக்கூட அளவோடு வைத்துக்கொண்டேன்.

அம்மா நேரில் திட்டுவதற்கென்றே பஸ் ஏறி வந்தாள். "நல்ல இடத்த நீயே கெடுத்துக்கிட்டியேடி" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவேயில்லை. அன்று சாயங்காலமே வலி வந்தது. வீட்டில் இருந்த காலத்தில் அம்மாவுக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்கோ குளியலறைக்கோ போய்விடுவேன். அவள் பார்த்ததெல்லாம் கொஞ்சம் முகம் சுளித்த மகளைத்தான். அன்று எங்கேயும் போகவில்லை. அவள் கண் முன்னாலேயே வாந்தி எடுத்தேன், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு முனகினேன். அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் புடவை ஒன்றை எடுத்து ஜன்னலில் கட்டினாள். விடியும்வரை என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளே நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனாள். மாத்திரையை அளவில்லாமல் போட்டதே வலியை அதிகமாக்கியிருக்கிறது என்றார் டாக்டர். இப்போது அவர் கொடுத்த தடுப்பு மருந்து, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், வெயில் ஏறும் முன் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு நடை. வலி முழுக்கப் போகவில்லை, கொஞ்சம் குறைந்திருக்கிறது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தரகர் ஒருவர் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் இருந்தேன். படிப்பு, சம்பளம் எல்லாம் சொல்லிவிட்டு அம்மா, காய்கறி விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "பொண்ணுக்கு ஒத்தத் தலவலி உண்டுங்க. வந்தா இருட்டுல படுத்துக்குவா, அன்னைக்கு யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. சம்மதம்னா மேல பேசலாம்." இத்தனை வருடங்களாக அந்த வலியை நான் செய்த ஏதோ ஒரு தப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது, அம்மாவின் குரலில் கூச்சமே இல்லாததைக் கேட்ட அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.