தாம்பரத்தில் இறங்காத ஆசை

அம்மா தான் எழுதிய கவிதையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அதிலிருந்த ஆசைகளை நான் வரிசைப்படுத்தினேன். மழையும் மதியத் தூக்கமும் எளிதில் புரிந்தன. கடைசி வரிதான் அப்பாவைக் கலக்கியது: "ஒருநாள் தாம்பரத்தில் இறங்காமலே போய்விட வேண்டும்."

"இனிமே வீட்டுக்கு வரமாட்டேங்கறாளா உங்கம்மா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

எனக்கு அது உருவகமாகத் தோன்றவில்லை. அம்மா தினமும் ஆபீஸிலிருந்து செங்கல்பட்டு போகும் ரயிலில் வந்து, வழியில் எங்கள் தாம்பரத்தில் இறங்கிவிடுவாள். அவளிடமே கேட்டேன்.

"செங்கல்பட்டுக்கு முன்னாடி பெரிய ஏரி வருமாம்டி. கூட வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. நான் பார்த்ததே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். ஏரி வந்ததும் அப்பா, "இதுக்கா என்னை இந்தப் பாடு படுத்தின?" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே, சன்னலோரம் அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.